குளிப்பாட்ட ஓர் ஆள்

மாங்காய்ப் பருப்பும் சோறும் குழைத்த முதல் கரண்டியை வாயில் வாங்கியதுமே ஃபிரெடி துப்பிவிட்டான். அது முகவாயில் வழிந்து கழுத்துத் துண்டில் விழுந்தது. செலினுக்குச் சுர்ரென்று ஏறியது. மே மாத வெயிலில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் குடிசைப் பஸ்தியின் தகரக் கூரைக்குக் கீழே, அடுப்போடு மல்லுக்கட்டி நிற்பதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும். அன்றைக்கு அது அவளிடம் இல்லை. காலையிலிருந்தே உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது.

"கைக்கு துப்புற, ஏன்? தெனம் கஞ்சியான்னு நீதான மூஞ்சிய தூக்குன. மாங்கா போட்டு செஞ்சா அதையும் துப்புற."

ஃபிரெடியின் கழுத்து ஒருபக்கமாக இழுத்தது. ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவனுக்கு உடம்பு முழுக்க வேலை செய்தாக வேண்டும். தோள் ஏறும், விரல்கள் முறுக்கிக்கொள்ளும், வாய் கோணும். அதற்குப் பிறகு ஒரு நீண்ட ஓசை வரும். ஊரில் யாருக்கும் அது வெறும் ஓசைதான். செலினுக்கு அது பேச்சு.

"உப்பு" என்றான்.

"உப்பு கம்மியா?"

"கடல்."

செலின் கரண்டியை நக்கிப் பார்த்தாள். உப்பு தெரியவில்லை. புளிப்பும் தெரியவில்லை. வெந்நீரை விழுங்கியது போலத் தொண்டையில் ஏதோ சூடாக இறங்கியது, அவ்வளவுதான். ஆவக்காய் ஜாடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். நாக்கு எரிந்தது, ருசி இல்லை. பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்கருகே வைத்தாள். அந்த வாசனையும் இல்லை. பிறகு அதை மூடி வைத்துவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, வாசல்படி வரை பின்னோக்கியே நடந்து போனாள்.

"அண்ணே, கிட்ட வர மாட்டேன். பயப்படாத" என்றாள். பயந்தது அவள்தான்.

ஃபிரெடி பிறக்கும்போது கழுத்தில் கொடி சுற்றி, மூச்சில்லாமல் நீலமாக வந்தவன். பிழைத்துக்கொண்டான். கையும் காலும் மட்டும் கடைசிவரை அவன் பேச்சைக் கேட்கவில்லை. புத்திக்கு ஒரு குறையும் கிடையாது. கிரிக்கெட்டில் யார் எந்த ஊரில் எத்தனை அடித்தான் என்று சொல்வான். தெலுங்கு, உருது, தமிழ் மூன்றிலும் சிரிப்பான். செலின் அவனுக்கு மூன்று வயது இளையவள். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்த ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மார்வலியில் போய்விட்டார். அம்மா அதற்கும் முன்பே போயிருந்தாள். அன்றிலிருந்து அவனைத் தூக்குவது, ஊட்டுவது, கழுவுவது, குளிப்பாட்டுவது, அவன் பேசுவதை ஊருக்குச் சொல்வது எல்லாம் செலின். ஒரு மழலைப் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். பள்ளி மூடிய பிறகு சப்பாத்தி போட்டு டிபன் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் பற்றி யாரும் கேட்பதை நிறுத்தி வெகு காலம் ஆகிறது.

ஃபிரெடியைப் பற்றிய பயம் எல்லாம் அவன் நெஞ்சில்தான். விழுங்குவதில் பாதி தப்பிப்போய் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். சாதாரணச் சளிக்கே ஒரு மாதம் கரகரவென்று இழுப்பான். இந்தக் கொரோனா அவன் நெஞ்சில் இறங்கினால் அவன் திரும்பி வரமாட்டான் என்பதை டாக்டர் சொல்லித்தான் செலின் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை.

மறுநாள் காலை பஸ்தியின் ஆஷா சுகாதார ஊழியர் தேஜஸ்வினி வந்து, இரண்டு பேர் மூக்கிலும் குச்சி விட்டுப் பார்த்தாள். தெலுங்குக்காரி. லாலாகுடாவில் பிறந்து வளர்ந்ததால் செலினின் தமிழ் அவளுக்கு முக்கால்வாசி புரியும்.

"அக்கா, உனக்குப் பாசிடிவ். அன்னகாரு நெகடிவ்" என்றாள். "ஒத்த ரூம்ல ரெண்டு பேரும் இருந்தா நாலாம் நாளு இவருக்கும் வந்துரும். பக்கத்துல ஒரு ஸ்கூலு ஹாலுல கட்டில் போட்டு வெச்சிருக்காங்க. சாப்பாடு, மாத்திரை எல்லாம் உண்டு. சாயந்திரத்துக்குள்ள போயிரு அக்கா."

"இவன?"

தேஜஸ்வினி கையுறையை உருவினாள்.

"சொல்லு தேஜூ. நான் போயிட்டா இவன யாரு தூக்குவா? யாரு ஊட்டுவா? இவன் பேசுறதாவது யாருக்காச்சும் புரியுமா?"

"அதான் அக்கா நானும் யோசிக்கிறேன்."

யோசனை சொல்ல ஆளில்லாமல் இல்லை. உதவிக்கும் குறைவில்லை, சொல்லப்போனால் உதவி அந்த வீட்டில் காலை இடறியது. போன வருஷத்து ஊரடங்கிலிருந்து திருச்சபையில் அரிசி கொடுத்தார்கள். ஏதோ சங்கத்தார் அரிசி கொடுத்தார்கள். கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் கார் வைத்துக்கொண்டு வந்து அரிசியும் சோப்பும் கொடுத்தார்கள். கட்டிலுக்கு அடியில் இடமில்லாமல் கட்டிலுக்குப் பக்கத்திலும் மூட்டை அடுக்கி, செலின் தன் பாயைக் குறுக்கிப் போட்டுப் படுத்தாள். வந்தவர்கள் எல்லாரும் வாசலோடு நின்றார்கள். சபைக் கமிட்டியில் இருக்கும் ரூஃபஸ் அங்கிள் ஒவ்வொரு தடவையும் செலினிடம்தான் கேட்பார், "ஃபிரெடி சாப்பிடுறானா? ஃபிரெடி தூங்குறானா?" என்று. ஃபிரெடி இரண்டடி தூரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பான். அவனை யாரும் தொட்டதில்லை. வியாதிக்கு முன்னாலும் தொட்டதில்லை, அது வேறு விஷயம்.

செலின் வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் அடித்தாள். குகட்பள்ளியில் இருக்கும் சித்தி மகள் பிளெசி, "சின்னப் பசங்க இருக்காங்க செலின், ப்ரே பண்றோம்" என்றாள். சபை சார்ந்த ஒரு காப்பகத்தில் இப்போது புதிதாக யாரையும் உள்ளே விடுவதில்லை என்றார்கள். ரூஃபஸ் அங்கிள் போனிலேயே ஒரு ஜெபம் செய்து முடித்துவிட்டு, "ரைஸ் இருக்குல்ல செலின்மா?" என்று கேட்டார்.

"இருக்கு அங்கிள். நெறைய இருக்கு."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. இருமலும் சேர்ந்து வந்ததால் அழக்கூட ஒழுங்காக முடியவில்லை. உள்ளேயிருந்து ஃபிரெடி ஏதோ கேட்டான். "ஒண்ணுமில்ல, படு" என்றாள். படுத்திருப்பவனைப் படு என்று சொன்னது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

தேஜஸ்வினிதான் அந்தப் பேச்சை எடுத்தாள். மற்ற வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள், வாசலில் வெயிலில் நின்றபடி, "கொரோனா வந்து போனவங்க யாராச்சும் இருந்தா அவங்களுக்கு இப்போதைக்கு அவ்வளவு பயமில்ல அக்கா" என்றாள். "நம்ம பஸ்தில வந்து போனவங்க எல்லாம் வயசானவங்க. எழுந்து நிக்கவே முடியல. ஒரே ஒரு ஆளு நல்லா தெம்பா இருக்காரு. லாரிக்காரரு."

செலின் மண்ணைப் பார்த்தாள்.

லாரிக்காரன் பழனிசாமி, திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு கோடைக்கு வந்த கூட்டத்தில் ஒருவன். ராத்திரியில் பஸ்தி மைதானத்தில் லாரியை நிறுத்தி, பகலில் அதை எங்கெங்கோ ஓட்டிப் போய் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரெசர் பழுதாகிப் படுத்துக்கொண்டது, உதிரிச் சாமான் வரவில்லை. அதற்குள் பழனிசாமிக்குக் காய்ச்சல். கூட வந்தவர்கள் லாரிக்குக் காவல் என்று சொல்லி அவனை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். லாரி நின்றது செலின் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே. அவனுக்குக் கொரோனா என்று தெரிந்ததும் பஸ்தியே மைதானத்தில் கூடியது. முன்னால் நின்று கத்தியது செலின். எங்க வீட்ல நெஞ்சு வீக்கான ஆளு இருக்கு, லாரிய எடு, இப்பவே எடு என்று. அவன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு ஏறி, அந்த மலை மாதிரி லாரியைத் தானே ஓட்டிப்போய் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில், நாற்றத்தில் நிறுத்தினான். அன்றைக்கு முழுக்க ஃபிரெடி சாப்பிடவில்லை. வயிற்றுக் கோளாறு என்று செலின் ஓமத்தைப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள்.

"அவன எப்படி கேக்குறது?" என்றாள் இப்போது.

உள்ளேயிருந்து ஃபிரெடி பேசினான். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வர நேரம் பிடித்தது.

"என்ன சொல்றாரு?" என்று தேஜஸ்வினி கேட்டாள்.

"போய்க் கேளுங்குறான்" என்றாள் செலின். அவன் சொன்னதில் "வெக்கமில்லாம" என்று இன்னொரு வார்த்தையும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

நாலா ஓரத்தில் பழனிசாமி லாரிக்கு அடியில் நிழலில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். கறுத்து, குட்டையாக, பீப்பாய் போன்ற நெஞ்சோடு இருந்தான். செலின் தூரத்திலேயே நின்றாள்.

"தம்பி."

அவன் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறைதான் நிமிர்ந்தான்.

"சத்தமாப் பேசுங்க்கா. கம்ப்ரெசர்ப் பக்கத்துலயே நின்னு நின்னு காது மந்தமாப் போச்சுங். மொகத்தப் பாத்தாத்தான் வெளங்கும்."

முகக்கவசத்தை இறக்கலாமா என்று யோசித்து, இன்னும் நாலடி பின்னால் போய், இறக்கினாள். தனக்கு வந்துவிட்டது, அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கத்திச் சொன்னாள். கத்திக் கத்தி இருமினாள். இப்படி நெஞ்சைத் திறந்து கெஞ்சுவதைக்கூடக் கத்திக்கொண்டே செய்ய வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

பழனிசாமி வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கினான்.

"நானென்னங்க நர்சுங்களா? சோறு ஊட்டியெல்லாம் எனக்குப் பழக்கமில்லீங். எம் புள்ளைக்கே ஊட்டுனதில்ல."

"நான் சொல்லித் தரேன். ஜன்னல்கிட்ட நின்னு சொல்லித் தரேன்."

"அன்னைக்கு நீங்கதானுங்களே லாரிய எடுக்கச் சொன்னீங்க."

"ஹவ், ஆமா. நான்தான்."

"ம்" என்றான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். "ஜன்னல்ல படுத்திருப்பாரே, அவருங்களா?"

"அவன்தான்."

"அவரு அன்னைக்கு அழுதாருங். நான் ஸ்டியரிங்ல ஒக்காந்து பாத்தனுங்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். "சோறு ஆக்கிப்போட்டு வாறன். நீங்க போங்."

அன்று மத்தியானம் செலின் வீட்டுக்கு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பழனிசாமி உள்ளே இருந்தான். சொந்த வீட்டை வெளியே நின்று பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அறை இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

"மொதல்ல தலகாணி. முதுகுக்குப் பின்னாடி அந்த அரிசி மூட்டைய வெச்சு, அதுக்கு மேல தலகாணி. தாடை கீழ இருக்கணும், மேல தூக்கக் கூடாது. மேல தூக்குனா பொறையேறும். சின்னக் கரண்டி. தண்ணி மாதிரி எதுவும் குடுக்கக் கூடாது, கெட்டியாதான் குடுக்கணும். முழுங்குற வரைக்கும் தொண்டையப் பாரு. தொண்டை ஏறி எறங்குனாதான் அடுத்த வாய்."

"தொண்டையப் பாக்கோணும். சரிங்."

"தூக்கும்போது அக்குளுக்கு அடில கை குடுக்காத, தோள் கழண்டுரும்."

பழனிசாமி கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, ஃபிரெடியின் முதுகுக்கடியில் ஒரு கையும் தொடைக்கடியில் ஒரு கையும் செலுத்தி, நெஞ்சோடு சேர்த்து அணைத்து, ஒரே மூச்சில் எழுந்தான். ஃபிரெடியின் கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டன. பழனிசாமி அவை தளரும் வரை அப்படியே நின்றான். அவசரப்படவில்லை.

"போர்க் குழாய் எறக்கறப்போ இப்பிடித்தானுங். இளுத்தா சிக்கிக்கும்" என்றான், ஜன்னலைப் பார்த்து. பிறகு ஃபிரெடியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தான். "என்னுங்ணா? வலிக்குதுங்களா?"

ஃபிரெடி ஏதோ சொன்னான்.

"வலிக்கலியாம்" என்றாள் செலின் ஜன்னலிலிருந்து. "முதுகு அரிக்குதாம்."

பழனிசாமி காதில் வாங்கவில்லை. அவன் ஃபிரெடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அரிக்குதுங்களா? எங்க? இங்க? கீழயா? மேலயா? கண்ண மேல காட்டுங்க பாக்கலாம்." ஃபிரெடி கண்ணை மேலே உயர்த்தினான். பழனிசாமி சொறிந்துவிட்டான். அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. முகத்தையும் கையையும் பார்த்துத்தான் அவர்கள் வேலை செய்வார்கள். செலினுக்கு மட்டும் அது நெஞ்சில் ஒரு சின்னக் குத்தலாக இருந்தது.

அந்த ஸ்கூல் ஹால் முகாமில் அவளுக்குச் சுவரோரமாக ஒரு கட்டில் கிடைத்தது. காய்ச்சல் ஏறி இறங்கியது. உடம்பு படுக்கச் சொன்னது, மனசு படுக்கவிடவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பழனிசாமிக்குப் போனில் பேசுவது பாதி கேட்காது, ஆகையால் வீடியோவில்தான் கூப்பிட வேண்டும். அவன் போனை எங்கேயோ சாய்த்து வைப்பான். தகரக் கூரை தெரியும், அல்லது அவன் காது தெரியும்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாருங். வெடியால ராகிக் களி பண்ணிக் குடுத்தனுங். நல்லா எறங்குச்சு."

"களியா? அவனுக்கு களி பழக்கம் இல்ல."

"ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்புட்டாருங்."

"இருமுறானா? நெஞ்சுல சத்தம் வருதா? தேஜூ வந்து பாத்தாளா?"

"வந்து பாத்துட்டுத்தானுங் போச்சு. மூச்சுக் காத்து அளவெல்லாம் சுத்தமா இருக்குதாம். நீங்க படுங்க்கா. பொழுதோட பேசலாம்."

பொழுதோட என்றால் சாயங்காலம் என்பது அவளுக்குப் பிடிபட இரண்டு நாள் ஆனது. அதற்குள் பத்துத் தடவை கூப்பிட்டுவிடுவாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் "கொஞ்சம் கண்ண மூடும்மா" என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். ஃபிரெடிக்குக் காய்ச்சல் வரவில்லை. அந்தச் செய்தியை ஒவ்வொரு நாளும் கேட்டும் செலினுக்கு நிம்மதி வரவில்லை. நான் இல்லாமல் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் சந்தோஷத்தோடு வேறு ஏதோ ஒன்றும் கலந்திருந்தது. அது என்ன என்று பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

ஒருநாள் கூப்பிட்டபோது கூரை தெரியவில்லை, வானம் தெரிந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க? அவன் எங்க?"

"லாரிகிட்டங்க. ஊட்டு முன்னாடி மைதானத்துக்கே திருப்பிக் கொண்டாந்துட்டனுங். அண்ணனக் குளிக்க வெக்கறனுங். பயங்கர வேர்வை. லாரித் தொட்டில தண்ணி ரொப்பி வெச்சிருந்தனுங், ஓஸ் போட்டு வுட்டா சும்மா அருவியாட்ட இருக்குது."

"வெளியிலயா? மைதானத்துலயா? எல்லாரும் பாக்க மாட்டாங்க?"

"பாத்தா என்னுங்? ஜட்டியோட நானுந்தான் குளிக்கறேன். ஆம்பளைங்க அப்பிடித்தானுங்களே குளிக்கறம்."

போன் அசைந்தது. லாரியின் சக்கரத்தில் சாய்த்து வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஃபிரெடி, வேட்டி ஒன்றால் மார்போடு கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தான். தலையில் தண்ணீர் விழுந்தது. வாயைப் பிளந்துகொண்டு சத்தம் போட்டுச் சிரித்தான். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

"கண்ண மூடலியா அவன்?" என்றாள் செலின். "எப்பவும் கண்ண மூடிட்டுதான் குளிப்பான். ஜெபம் பண்ணுவான்."

அது சபை முழுவதற்கும் தெரிந்த விஷயம். அப்பா இறந்த பிறகு முதல் முறையாகச் செலின் அவனை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றியபோது அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதான். அப்பாவை நினைத்து அழுகிறான் என்று அவளும் அழுதாள். அதற்குப் பிறகு அழவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வான், உதடு மட்டும் அசையும். மாதர் சங்கக் கூட்டத்தில் செலின் அதைச் சொன்னாள். ஆயர் அதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சாட்சியாகவே சொன்னார். சபையே திரும்பி, சக்கர நாற்காலியில் இருந்த ஃபிரெடியைப் பார்த்துத் தலையசைத்தது.

பழனிசாமி ஓஸைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தான். அவன் முகம் சங்கடமாக இருந்தது.

"அக்கா, நான் சொல்லலாங்களான்னு தெரியலீங். அண்ணன் ரெண்டு நாளா இதயேதான் சொல்றாரு. நான் ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டு, தலையாட்டித் தெரிஞ்சுக்கிட்டனுங். அது ஜெபம் இல்லீங்களாம்."

"பின்ன?"

"நீங்க அவருகிட்டயே கேளுங்க்கா."

போன் ஃபிரெடியின் முகத்தருகே போனது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலுதட்டில் ஏதோ கறுப்பாக இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். மீசை. அவள் எப்போதும் வழித்துவிடுவாள், சோறு ஒட்டும் என்று.

"அண்ணே?"

ஃபிரெடியின் தோள் ஏறியது. வாய் கோணியது. அவள் அவனுக்காக வாக்கியத்தை முடித்துவிடுவது வழக்கம். அன்றைக்கு எப்படி முடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால் காத்திருந்தாள்.

"நீ... தங்கச்சி" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். செலின் போனை அணைத்தாள்.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் இடுப்பு ஒடியத் தூக்கி, வேறு எதைப் பற்றியும் நினைக்காமல் அவனுக்கென்றே கிடந்ததற்கு இதுதானா என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். சொல்லியிருக்கலாமே, எனக்குத்தான் உன் பேச்சுப் புரியுமே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும், சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் நினைத்தாள். வேறு யார் இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அவன் அந்த நாட்களை எல்லாம் கடந்திருக்கிறான். அவள் அதைக் கூட்டத்தில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். அன்று அவள் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில் அம்மாள் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் வீடு திரும்பியபோது லாரி உறுமிக்கொண்டிருந்தது. சாமான் வந்துவிட்டது, முதலாளி உடனே கிளம்பி வரச் சொல்லிவிட்டார் என்றான் பழனிசாமி. ஃபிரெடி சவரம் செய்த கன்னமும் திருத்திய மீசையுமாக, ஜமீன்தார் போலச் சாய்ந்திருந்தான். செலினைப் பார்த்ததும் அவன் முகம் விரிந்தது. அவன் நன்றாக இருந்தான், நெஞ்சில் சத்தம் இல்லை. அவள் அவன் தலையைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு வெளியே வந்து, பழனிசாமியின் முகத்துக்கு நேரே நின்று, "தம்பி, அன்னைக்கு லாரிய எடுக்கச் சொன்னது" என்று ஆரம்பித்தாள்.

"அத நெனச்சா வருத்தந்தானுங்" என்றான் பழனிசாமி. "காச்சல்ல கண்ணு தெரியல. ஆனா அதுக்கு அண்ணன் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுட்டாருங். நீங்க வேற எதுக்குங்."

அவன் ஜன்னலருகே போய் உள்ளே கையை ஆட்டினான். லாரி நாலா ஓரமாகத் திரும்பிப் போயிற்று. 

அதற்குப் பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. ஊட்டினால் வாங்கிக்கொண்டான். தூக்கினால் சம்மதித்தான். குளிக்கலாம் என்று பக்கெட்டை எடுத்து வைத்தால் மட்டும் "நக்கோ", வேண்டாம், என்றான். அந்த ஒரு சொல் யாருக்கும் புரியும்படி வந்தது. உடம்பெல்லாம் வேர்க்குரு. தகரக் கூரை அனல் கக்கியது. ஈரத்துணியால் முகத்தையும் கையையும் துடைக்கவிட்டான், பனியனைக் கழற்றவிடவில்லை.

"புண்ணு வரும் அண்ணே. முதுகுல புண்ணு வந்தா அப்புறம் ஆஸ்பத்திரிதான். அதுக்குதான் நான் அங்க போய் கெடந்தேனா?"

"நக்கோ."

"பின்ன நாறிட்டு கெட. எனக்கென்ன."

அவளும் பிடிவாதக்காரிதான். ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்து பார்த்தாள். மறுநாள் வம்படியாகப் பனியனை இழுத்தாள். ஃபிரெடி கண்ணை மூடிக்கொண்டான். இறுக்கமாக, நெற்றி சுருங்க மூடிக்கொண்டான். அவள் கை பனியனோடு அப்படியே நின்றது. பனியனை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"தொற. தொட மாட்டேன்" என்றாள்.

அது ஊரடங்கு தளர்ந்திருக்கும் காலை நேரம். பஸ்தி ஆண்கள் குழாயடியிலும் பால் கடையிலும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார்கள். செலின் குழாயடிக்குப் போனாள்.  இவர்களிடம் அவள் தண்ணீருக்குச் சண்டை போட்டிருக்கிறாள், உதவி கேட்டதில்லை.

"எங்கண்ணனுக்கு குளிக்கணும்" என்றாள் தமிழில். பிறகு தெலுங்கில் சொன்னாள், உருதுவிலும் சொன்னாள். "அவன் ஆம்பள. ஆம்பள யாராச்சும் வந்து குளிப்பாட்டணும். தூக்குறது நான் தூக்கி வெக்கிறேன். தண்ணி ஊத்தி, சோப்பு போட்டா போதும்."

ஒருவர் குடத்தைப் பார்த்தார். ஒருவர் வேலைக்கு நேரமாகிறது என்றார். அந்த நேரம் பார்த்து ரூஃபஸ் அங்கிள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முன்னால் ஒரு பை.

"செலின்மா, தேங்க் காட், வந்துட்டியா. ஃபிரெடி எப்படி இருக்கான்? இத உள்ள வெச்சிடவா?"

"நக்கோ அங்கிள். நீங்க உள்ள வாங்க."

"நான்..."

"ஊசி ரெண்டும் போட்டுட்டீங்கல்ல? அவனுக்கு ஒண்ணுமில்ல, எனக்கும் சரியாயிடுச்சு. வந்து அண்ணனக் குளிப்பாட்டுங்க அங்கிள். அவனுக்கு நான் குளிப்பாட்டுறது வெக்கமா இருக்கு. இத்தன வருசமா வெக்கமா இருந்திருக்கு. கண்ண மூடிட்டு அவன் ஜெபம் பண்ணல."

குழாயடி முழுக்க அதைக் கேட்டது. ரூஃபஸ் அங்கிளின் முகம் சிவந்தது. அவரும் அந்தப் பிரசங்கத்துக்குத் தலையசைத்தவர்தான். பையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். அவருக்குச் சாக்குச் சொல்ல நிறைய இருந்தது, முழங்கால் வலி, வயசு, வீட்டில் பெரியவர்கள். செலின் ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"நான் யாரையும் குளிப்பாட்டினது இல்லையேம்மா" என்றார் கடைசியில், மெதுவாக.

"பரவால்ல."

செலின் ஃபிரெடியைத் தூக்கி, துணி மறைப்புக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்து, இடுப்பைச் சுவரோடு சேர்த்துக் கட்டினாள். பக்கெட்டை நிரப்பினாள். சோப்பை எடுத்து ரூஃபஸ் அங்கிளின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்கு வெளியே நிற்பது அவளுக்குப் புதிது. படியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். உள்ளே செம்பு பக்கெட்டில் மோதியது. எதுவோ கீழே விழுந்தது. "சாரி, சாரி" என்று ரூஃபஸ் அங்கிளின் குரல் கேட்டது.

பிறகு ஃபிரெடி ஏதோ சொன்னான்.

"செலின்மா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார், "என்ன சொல்றான்?"

அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. முதுகில் இன்னும் ஊற்றச் சொல்கிறான். பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. படியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கல அங்கிள்" என்றாள். "அவன் மூஞ்சியப் பாத்து நீங்களே கேளுங்க."

உள்ளே செம்பு தரையில் இறங்கியது.

"ஃபிரெடி" என்றார் ரூஃபஸ் அங்கிள். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தலையிலயா? இல்ல, முதுகுலயா?"

ஃபிரெடி மறுபடி சொன்னான். அவர் இன்னொரு முறை கேட்டார், அவன் இன்னொரு முறை சொன்னான். அதற்குப் பிறகு தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.